முப்பத்தொரு பேருமா ஏமாறுவார்கள்?

கேள்வி: 1983-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியின் 14 பேரும் கையெழுத்திட்ட பேட் ஒன்று இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது. கூடவே சான்றிதழ், அதன்மேல் பளபளக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கர். விற்பவருக்கு 99 சதவீதம் நல்ல மதிப்பீடு. 500 ரூபாயில் தொடங்கிய ஏலம், 31 கேட்புகள் தாண்டி 86,000 ரூபாயில் நிற்கிறது. "எல்லாம் டூப்ளிகேட்" என்று நண்பர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அதை ஏற்க முடியவில்லை. ஒருவர் ஏமாறலாம், இருவர் ஏமாறலாம். கைக்காசைப் போடும் 31 பேரும் ஒரே பொருளில் எப்படி ஏமாறுவார்கள்? போலி என்றால் அவர்களில் யாராவது ஒருவர் கண்டுபிடித்திருக்க மாட்டாரா?

– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஈரோடு

பதில்:



இந்த மாதிரிக் கடிதங்களில் வழக்கமாக ஒரு படம் இருக்கும், கீழே "இது அசலா?" என்று ஒரு வரி இருக்கும். கைபேசிப் படத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். நீங்கள் கேட்டிருப்பது வேறு. ஒரு போலிப் பொருள் இத்தனை கண்களைத் தாண்டி எப்படிப் போகிறது என்பது பொருளாதாரப் பேராசிரியர்களையே வெகுநாள் உட்காரவைத்த கேள்வி. உங்கள் நண்பரின் ஒற்றை வார்த்தையைவிட என் பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 31. அது 31 பேர் என்று நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள். ஏலப் பக்கம் சொல்வது, 31 முறை விலை கேட்கப்பட்டது என்பதை மட்டும்தான். விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் மாறி மாறி ஏற்றினாலே ஒரே மாலையில் இந்த எண்ணிக்கை வந்துவிடும். பெரும்பாலான தளங்களில் ஏல வரலாறு என்று ஒரு பகுதி உண்டு. பெயர்களைப் பாதி மறைத்திருப்பார்கள். ஆனாலும் எத்தனை கணக்குகள் என்று எண்ணிவிடலாம். எண்ணிப் பாருங்கள். 31 என்பது ஐந்தாகவோ ஆறாகவோ சுருங்கினால் ஆச்சரியப்படாதீர்கள்.

அடுத்து, 500 ரூபாய் ஆரம்ப விலை. அது தாராள மனசால் வைத்த விலையாக இருக்க வேண்டியதில்லை. யூரி சைமன்சோன், டான் ஏரியலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இபே தளத்தில் நடந்த டிவிடி ஏலங்களை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிவிடி என்றால் எங்கே வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒரே படம்தான். அப்படியிருந்தும், குறைந்த விலையில் தொடங்கியதால் ஏற்கெனவே நிறைய கேட்புகள் சேர்ந்திருந்த ஏலத்தை நோக்கியே புதிதாக வருகிறவர்களும் போனார்கள். பக்கத்திலேயே அதே படம் கூட்டமில்லாமல் கிடந்தது. கூட்டம் இருக்கிற இடத்தில் சரக்கு நன்றாக இருக்கும் என்ற நினைப்பு அது. ஆரம்ப விலையைத் தரையில் வைத்தால் கூட்டம் தானாகச் சேரும் என்பது விற்பவருக்கும் தெரியும்.

ஏல வரலாற்றில் நீங்கள் எண்ணும் கணக்குகளில் ஒன்றிரண்டு விற்பவருடையதாகவே இருக்கலாம். ஆள் வைத்து ஏலம் ஏற்றுவதை ஈரோட்டுக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மஞ்சள் மண்டி பார்த்த ஊர். ஆனால் இணையத்தில் இது நடக்கும் விதம் கொஞ்சம் நுட்பமானது. அதை மட்டும் சொல்கிறேன். அங்கே நீங்கள் நொடிக்கு நொடி உட்கார்ந்து கேட்பதில்லை. உங்கள் உச்ச விலையை ஒருமுறை சொல்லிவிட்டால், உங்களுக்காக இயந்திரமே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும். இதற்குப் பதிலாள் ஏலம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் 90,000 என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். ஒரு படி என்பது 1,000 ரூபாய். இன்னொரு கணக்கிலிருந்து ஒருவர் 70,000 கேட்கிறார். திரையில் 71,000 என்று காட்டுகிறது; அதாவது உங்கள் இயந்திரம் ஒரு முழுப் படி மேலே ஏறிவிட்டது. அவர் 85,000 கேட்கிறார்; திரை 86,000 காட்டுகிறது. பிறகு 89,500 கேட்கிறார். இப்போது திரை 90,500 காட்ட வேண்டும். ஆனால் உங்கள் உச்சம் 90,000 என்பதால் அங்கேயே நின்றுவிடுகிறது. முழுப் படி ஏறவில்லை, பாதிப் படிதான். இந்தப் பாதிப் படியைப் பார்த்ததும் அவருக்கு உங்கள் சட்டைப் பையின் அடி தெரிந்துவிட்டது. அதற்குமேல் அவர் கேட்கவே மாட்டார். தடவிப் பார்த்து நிறுத்துவது என்ற இந்த உத்தியை ஆய்வாளர்கள் 2009-இலேயே எழுதிவிட்டார்கள். தவறி ஒரு படி தாண்டி அவரே ஜெயித்துவிட்டாலும் குடி முழுகிவிடாது. "ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, அடுத்தவர் நீங்கள்தான், உங்கள் விலைக்கே தருகிறோம்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அந்த மின்னஞ்சல் வந்தவர்கள் பலர், அதிர்ஷ்டம் அடித்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் சில்லறை வியாபாரிகளின் வேலை, பெரிய ஏல நிறுவனங்களில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். சிகாகோவுக்கு அருகிலிருந்து நடந்த மாஸ்ட்ரோ ஆக்ஷன்ஸ், அமெரிக்க விளையாட்டு நினைவுப்பொருள் ஏலத்தில் ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்த நிறுவனம். தன் ஏலங்களில் பொய்யாக விலை ஏற்றியதை அதன் தலைவர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2015-இல் 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் ஒப்புக்கொண்ட இன்னொரு விஷயம்தான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது.

ஹோனஸ் வாக்னர் என்பவர் நூறு வருடத்துக்கு முந்தைய பேஸ்பால் வீரர். அவர் படம் போட்ட சிறிய அட்டை ஒன்று 1909-க்கும் 1911-க்கும் இடையில் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து வந்தது. இன்று மிகச் சில அட்டைகளே மிச்சம். அவற்றில் ஒன்றை 1985-இல் மாஸ்ட்ரோ 25,000 டாலருக்கு வாங்கினார். 1991-இல் அதே அட்டையைப் புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் சதபீஸ் ஏலத்தில் 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். அந்த வருடம்தான் பிஎஸ்ஏ என்ற தர நிர்ணய நிறுவனம் தொடங்கியது. அது முதன்முதலில் சான்று கொடுத்த அட்டையே இதுதான். 10-க்கு 8 மதிப்பெண். அவ்வளவு பழைய அட்டைக்கு அது வியப்பான மதிப்பெண், ஏனென்றால் ஓரங்கள் அத்தனை கூர்மையாக, மழுங்காமல் இருந்தன. 2007-இல் விலை 28 லட்சம் டாலரை எட்டியது. ஓரங்கள் ஏன் அத்தனை கூர்மை என்பதற்கு 2013-இல்தான் பதில் வந்தது: மாஸ்ட்ரோ தானே பக்கவாட்டு ஓரங்களை வெட்டிச் சீராக்கியிருந்தார். சேகரிப்பாளர்களின் கணக்கில், ஓரம் வெட்டிய அட்டை கெட்டுப்போன அட்டை. இது வெட்டியதாக இருக்கலாம் என்ற முணுமுணுப்பு பல வருடம் இருந்தது. ஆனால் முணுமுணுத்தவர்கள் ஏலத்தில் கை தூக்கவில்லை. கை தூக்கியவர்கள் முணுமுணுக்கவில்லை.

உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. யாராவது ஒருவர் கண்டுபிடித்திருக்க மாட்டாரா என்று கேட்டீர்கள். பேட் போலி என்றால், பெரும்பாலும் கண்டுபிடித்திருப்பார். ஒருவர் அல்ல, பலர். அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார்கள். ஏலப் பக்கத்தில் "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று அழுத்த ஒரு பொத்தான் கிடையாது. நம்பியவர்களின் எண்ணிக்கை மட்டும் பதிவாகிறது. நம்பாமல் போன இருநூறு பேரின் தடம்கூட மிஞ்சுவதில்லை. கேட்டவர்களிலும், உள்ளூரச் சந்தேகம் உள்ளவர் 20,000-த்தில் நின்றுவிடுவார், அரைகுறையாக நம்பியவர் 50,000-த்தில் நின்றுவிடுவார். கடைசிவரை போகிறவர், கொஞ்சமும் சந்தேகமில்லாதவர். பொருள் அவருக்குத்தான் போகிறது. ஜெயித்தவரின் சாபம் என்று இதற்குப் பெயர். இருப்பதிலேயே அதிகமாகக் கணித்தவரே ஜெயிப்பதால், ஜெயிப்பதே அதிக விலை கொடுத்ததற்கு அடையாளம் ஆகிவிடுவது. கடலடி எண்ணெய் வயல் ஏலங்களில் கம்பெனிகள் ஏன் அடிக்கடி நஷ்டப்படுகின்றன என்று பார்த்து, 1971-இல் மூன்று பொறியாளர்கள் எழுதிய விஷயம் இது. எண்ணெய்க் கம்பெனிகளாவது பின்னால் தோண்டிப் பார்த்து உண்மையைத் தெரிந்துகொண்டன.

சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். இந்தத் துறையில் மிகப் பரவலான தப்பெண்ணம் அதுதான். பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் அலைந்து பழகிய நமக்கு, சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கோ ஒரு அலுவலகம், ஒரு பதிவேடு, பொறுப்பேற்கும் ஒரு அதிகாரி என்றுதான் தோன்றும். விளையாட்டு நினைவுப்பொருளுக்குச் சான்று கொடுக்க எந்த உரிமமும் வேண்டாம். ஒரு பிரிண்டரும் கொஞ்சம் தடித்த காகிதமும் போதும். ஆகவே சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அதை எழுதியவர் எதைப் பார்த்துவிட்டு எழுதினார் என்று பார்ப்பது உபயோகம். விற்பவரே எழுதிக்கொடுத்ததா? அது அவருடைய வாய்ப்பேச்சின் எழுத்து வடிவம், அவ்வளவே. ஒரு நிபுணர் கையெழுத்தைப் பார்த்து எழுதியதா? அது கருத்துச் சான்று. "எங்கள் கருத்தில் இது அசல்" என்றுதான் நேர்மையான நிறுவனங்களே எழுதும். வீரர் கையெழுத்துப் போட்டதையோ, பொருள் ஆட்டத்தில் இருந்ததையோ நேரில் பார்த்தவர் எழுதியதா? அது சாட்சிச் சான்று. மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சட்டகத்தில், ஒரே மாதிரித் தங்க நிற ஓரத்தோடு வரும் என்பதுதான் தொல்லை.

சாட்சிச் சான்று ஏன் வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1990-களில் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நடத்திய விசாரணைக்கு ஆபரேஷன் புல்பென் என்று பெயர். கலிபோர்னியாவில் கிரெக் மரினோ என்பவர் பேப் ரூத், மிக்கி மாண்டில் போன்ற பேஸ்பால் ஜாம்பவான்களின் கையெழுத்துகளை நாள் முழுக்க உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பொருள் வாங்குபவர், விற்பவர், சான்றிதழ் தருபவர் என்று முழு வலையே இருந்தது. அந்தக் கூட்டம் சந்தையில் இறக்கிய சரக்கு 10 கோடி டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். சான் டியாகோ அணியின் டோனி க்வின், தன் அணியின் மைதானக் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பதைப் பார்த்துச் சொன்னவர். பிடிபட்ட பொருள்களில் எனக்குப் பிடித்தது, அன்னை தெரசா கையெழுத்திட்ட ஒரு பேஸ்பால். அவர் எந்த அணிக்கு ஆடினார் என்று வாங்க வந்தவர்கள் கேட்டிருக்க வேண்டும். இந்தக் களேபரத்துக்குப் பிறகுதான், 2001-இல், அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு தன் சொந்தச் சான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. முன்னாள் போலீஸ்காரர்கள் போன்றவர்களை மைதானத்திலேயே உட்கார வைத்தார்கள். பந்து களத்திலிருந்து வெளியே வந்ததும் கண்ணெதிரே அதில் எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டப்படும். யாரும் கையெழுத்தை உற்றுப் பார்த்து ஊகிப்பதில்லை.

அந்த ஹோலோகிராமையும் போலியாக அடித்துவிடுகிறார்கள். 2025 ஜூலையில் இந்தியானா மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டு நகரில் போலீஸ் சோதனைக்கு உள்ளான ஒரு வியாபாரி, பெயர்பெற்ற நிறுவனங்களின் ஹோலோகிராம்களைப் போலியாகத் தயாரித்து லட்சக்கணக்கான பொருள்களில் ஒட்டியதாகத் தானே ஃபேஸ்புக்கில் எழுதினார். அவர் சொன்ன எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. போலி ஹோலோகிராம் செய்ய முடியும் என்பது போதும். எனவே ஸ்டிக்கர் பளபளக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. அதிலுள்ள எண்ணைச் சான்று கொடுத்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எண் அங்கே இருந்தாலும் நிற்காதீர்கள், ஏனென்றால் உண்மையான எண் ஒன்றை எடுத்துப் பத்துப் பொருள்களில் ஒட்டலாம். அந்த எண்ணுக்கு நேரே படம் இருந்தால், அந்தப் படத்திலுள்ள பொருளும் உங்களுக்கு வரப்போவதும் ஒன்றுதானா என்று கோடு கோடாக ஒப்பிட வேண்டும்.

இப்போது, கூட்டமும் காகிதமும் உதவாது என்றால், நட்சத்திர மதிப்பீடாவது உதவ வேண்டாமா? உண்மையான காரணம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சந்தை ஏன் பொதுவாக ஒழுங்காக நடக்கிறது? கெட்ட சரக்கு ஒரு நாள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால். தர்பூசணியை வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டியதும் வெளுத்திருந்தால், மறுநாள் அந்த வண்டிக்காரரிடம் போகமாட்டீர்கள். கையெழுத்திட்ட பேட்டை யாரும் வெட்டிப் பார்ப்பதில்லை. அது கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது. விருந்தாளிகள் பார்க்கிறார்கள், பையன் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டுகிறான். போலியாக இருந்தாலும் அது தன் வேலையைக் குறையில்லாமல் செய்கிறது. வாங்கிய பிறகும் நல்லதா கெட்டதா என்று வாங்கியவரே சொல்ல முடியாத இத்தகைய பொருளை நம்பிக்கைச் சரக்கு என்கிறார்கள் பொருளாதாரக்காரர்கள். 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கருத்து. மெக்கானிக் மாற்றச் சொன்ன உதிரிப் பாகம் உண்மையிலேயே தேய்ந்திருந்ததா என்பதும் இதே ரகம்தான்.

அப்படியானால் வாங்கியவர் எதற்கு நட்சத்திரம் போடுகிறார்? கூரியர் சீக்கிரம் வந்தது. பொதி நன்றாகச் சுற்றியிருந்தது. பேட் படத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது. ஐந்து நட்சத்திரம். அவர் பொய் சொல்லவில்லை; அவருக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். கையெழுத்து அசலா என்பதற்கு அவர் போட்ட மதிப்பெண் அதில் இல்லவே இல்லை. பால் ரெஸ்னிக்கும் ரிச்சர்ட் ஜெக்ஹவுசரும் 1999-ஆம் வருட இபே விற்பனைகளை ஆராய்ந்தபோது, வாங்கியவர்களில் பாதிப் பேர்தான் மதிப்பீடு எழுதியிருந்தார்கள். எழுதியதில் 99 சதவீதம் நல்லதாகவே இருந்தது. ஆகவே உங்கள் விற்பனையாளரின் 99-ஐக் கண்டு மயங்க வேண்டாம். இபேயில் அன்று அது சராசரி மனிதரின் மதிப்பெண்.

இதைச் சோதித்தே பார்த்த ஒரு ஆய்வு உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிஞ்சர் ஜின்னும் ஆண்ட்ரூ கேட்டோவும் தரச் சான்று இல்லாத பேஸ்பால் அட்டைகளை இபேயில் தாங்களே வாங்கி, வந்தவற்றைத் தர நிர்ணயத்துக்கு அனுப்பினார்கள். முடிவு 2006-இல் வெளியானது. "புத்தம்புதுசு, அப்பழுக்கில்லாதது" என்று உரக்கச் சொன்ன விற்பனையாளர்களுக்கு வாங்குபவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். வந்த அட்டைகளோ, அடக்கமாகப் பேசியவர்களுடையதைவிட ஒன்றும் உசத்தி இல்லை. போதாததற்கு, உரக்கச் சொன்னவர்களிடம்தான் ஏமாற்றும் கூடுதலாக இருந்தது. நல்ல மதிப்பீடு வைத்திருந்தவர்கள் பொருளை ஒழுங்காக அனுப்பினார்கள். ஆனால் அனுப்பிய பொருளின் தரம் மற்றவர்களுடையதைவிட மேலாக இல்லை. நட்சத்திரம் அஞ்சலுக்குத்தான் சான்று.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இபே தளத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கப் பொருள் வந்ததிலிருந்து 30 நாள். போலி என்று தெரியவருவது பெரும்பாலும் விற்கப் போகும்போது, அதாவது பத்து, இருபது வருடம் கழித்து. அப்போது அந்த விற்பனையாளரின் கணக்கே இருக்காது. பத்து வருடமாகக் கூடத்தில் வைத்துப் பெருமைப்பட்டவருக்கு அதைப் போலி என்று தெரிந்துகொள்வதில் என்ன லாபம் சொல்லுங்கள். பலர் சோதிக்காமலே அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறார்கள். "ரொம்ப வருடமாக ஒரு குடும்பத்தில் இருந்தது" என்ற கூடுதல் கதையோடு, இந்த முறை நேர்மையான விற்பனையாளர் மூலமாக, அது மறுபடி ஏலத்துக்கு வருகிறது. போலிப் பொருள் வயதாக ஆக மரியாதை சேர்த்துக்கொள்வது இப்படித்தான்.

எதையும் நம்ப முடியாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். பொருளையே பேச வைக்கும் வழிகள் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் ரசனையானது படப் பொருத்தம்: ஆட்டத்தின்போது எடுத்த புகைப்படங்களையும், கையிலுள்ள பொருளின் நெசவு, தையல், கறை, கீறல்களையும் ஒப்பிட்டு இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பது.

2022 ஏப்ரலில் சதபீஸ் நிறுவனம் கால்பந்து வீரர் மரடோனாவின் நீலச் சட்டை ஒன்றை இணைய ஏலத்தில் வைத்தது. 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் ஒரு கோலும், பாதி அணியைத் தாண்டி ஓடி இன்னொரு கோலும் போட்டபோது அணிந்திருந்த சட்டை. ஆட்டம் முடிந்ததும் அதை மாற்றிக்கொண்டவர் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ். அவருடைய காலில் பட்டுத் தவறி மேலே எழும்பிய பந்துதான் அந்தக் கை கோலுக்கே போனது என்பது உபரித் தகவல். ஏல அறிவிப்பு வந்ததும் மரடோனாவின் மகள் டால்மா மறுத்தார்: அப்பா இடைவேளையில் சட்டை மாற்றினார், ஹாட்ஜிடம் இருப்பது கோல் எதுவும் விழாத முதல் பாதிச் சட்டை என்றார். இரண்டுமே அசல் மரடோனா சட்டைகள்தான். ஒன்றுக்குக் கோடிகளில் விலை, மற்றதற்கு அதில் ஒரு சிறு பங்கு. கையெழுத்து நிபுணரோ பரம்பரைக் கதையோ இங்கே எதற்கும் உதவாது.

உதவியது ஒரு அவசர வேலை. ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு, வெயிலுக்குத் தங்கள் நீலச் சட்டை கனமாக இருக்கும் என்று அர்ஜென்டினா அணியினர் மெக்சிகோ நகரக் கடைகளில் மெல்லிய சட்டைகளை வாங்கிவந்தார்கள். அணியின் சின்னத்தைக் கையால் தைத்து, வெள்ளி மினுமினுப்பு எண்களை இஸ்திரி வைத்து ஒட்டினார்கள். அவசரத்தில் செய்ததால் எந்தச் சட்டையும் இன்னொன்று மாதிரி இல்லை. சின்னம் கோணலாக உட்கார்ந்த விதம், கோடு வந்து எண்ணில் முட்டும் இடம் எல்லாம் ஒவ்வொன்றிலும் வேறு. படப் பொருத்த நிறுவனம் ஒன்று இந்த விவரங்களை இரண்டாம் பாதிப் புகைப்படங்களோடு ஒப்பிட்டு, இரண்டு கோல்களின்போதும் அணிந்திருந்தது இதே சட்டைதான் என்றது. மே 4-ஆம் தேதி ஏலம் முடிந்தபோது விலை 71 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. தொழிற்சாலையில் ஒழுங்காக அச்சடித்த சட்டையாக இருந்திருந்தால் அந்தச் சச்சரவு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

படம் கிடைக்காத இடத்தில் காலக்கணக்கு உதவும். அந்தக் கால அமெரிக்க பேஸ்பால் லீக்குகளின் பந்துகளில் லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். நேஷனல் லீக் தலைவராக வாரன் ஜைல்ஸ் 1951-இல்தான் வந்தார். பேப் ரூத் 1948 ஆகஸ்டில் காலமானவர். ஜைல்ஸ் பெயர் அச்சான பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால், கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பூதக்கண்ணாடியை எடுக்கவே வேண்டாம்.

உங்கள் பேட்டுக்கு வருகிறேன். 14 பேர் என்கிறார்கள். அந்த அணியில் 14 பேர் என்பது சரி, ஒரு ஆட்டத்திலும் களமிறங்காத சுனில் வால்சனையும் சேர்த்து. ஆனால் எப்போது போட்ட கையெழுத்துகள்? 1983-இலேயே போட்டதா, பிற்பாடு ஏதாவது விழாவில் போட்டதா? பிற்பாடு போட்டதும் அசல்தான், அதில் குற்றமில்லை, விலைதான் வேறு. அந்த அணியின் யஷ்பால் சர்மா 2021 ஜூலையில் காலமானார். ஆகவே அதற்குப் பிறகு நடந்த நிகழ்ச்சி எதையும் விற்பவர் காரணம் காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒருவருடைய கையெழுத்து இருபது வயதிலும் ஐம்பது வயதிலும் ஒன்றுபோல இருக்காது. வேகம் கூடி எழுத்து சுருங்கும். 1983 என்று சொன்னால் ஸ்ரீகாந்தின் கையெழுத்து 1983-ஐ ஒட்டிய ஸ்ரீகாந்தினுடையதாக இருக்க வேண்டும்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அழகைப் பார்க்காதீர்கள், அலங்கோலத்தைத் தேடுங்கள். பதினான்கு பேர் கைமாற்றிக் கையெழுத்திட்ட பேட்டில் ஒருவர் பெரிதாகப் போட்டு இடத்தை அடைத்திருப்பார், கடைசியில் வந்தவர் ஓரத்தில் ஒடுங்கியிருப்பார், ஒன்றிரண்டு தலைகீழாகவோ சாய்ந்தோ இருக்கும், ஒன்றின் வால் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். ஒரே அழுத்தம், ஒரே இடைவெளி, அடுக்கி வைத்த மாதிரிப் பதினான்கு பெயர் என்றால், ஒரே கை மாலை நேரத்தில் காபி குடித்துக்கொண்டே போட்டிருக்க வாய்ப்பு அதிகம். வில்லோ மரத்தில் பூச்சு இல்லாத இடத்தில் மை மரத்தின் ரேகையோடு மெல்லக் கசிந்து ஊறும்; பூதக்கண்ணாடியில் ஓரங்கள் இழை இழையாகத் தெரியும். அச்சடித்த கையெழுத்தில் அந்த இழைகள் இருக்காது, சில சமயம் நுண்ணிய புள்ளிகள் தெரியும். நினைவுப் பரிசாக அச்சுக் கையெழுத்தோடு தயாரிக்கப்படும் பேட்களும் உண்டு. அவை போலி அல்ல, அவற்றை நிஜக் கையெழுத்து என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

ஆகவே விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: எங்கே, எந்த நிகழ்ச்சியில், யார் முன்னிலையில் வாங்கிய கையெழுத்துகள், அந்த நிகழ்ச்சியின் படம் ஏதாவது இருக்கிறதா, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி ஒவ்வொரு கையெழுத்தையும் அருகில் எடுத்து அனுப்ப முடியுமா, ஹோலோகிராம் எண் என்ன. நேர்மையான வியாபாரிக்கு இந்தக் கேள்விகள் பழக்கமானவை, சலித்துக்கொள்ள மாட்டார். கேள்வியை ஏலத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே அனுப்புங்கள். "வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், நேரடியாக ஜிபே பண்ணினால் பத்தாயிரம் குறைக்கிறேன்" என்று பதில் வந்தால் போகாதீர்கள். தளத்துக்கு வெளியே கட்டிய பணத்துக்குத் தளத்தின் பாதுகாப்பு கிடையாது. அப்படி ஏற்கெனவே கட்டியிருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் பதிவானால் வங்கி அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.